தறிக்குடோனுக்கு எதிரே தாய் வீடு

ஏழாம் மாத ஸ்கேனைப் பார்த்து முடித்ததும் டாக்டரம்மா ஒரு சின்னக் கேள்வி கேட்டார். பிரசவம் இங்கேயா, அம்மா வீட்டுப் பக்கமா? கோயமுத்தூர் மருத்துவமனையின் அந்த அறையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். நான், என் கணவர், என் மாமியார். மூன்று வாயில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. கணவர் தன் அம்மாவைப் பார்த்தார். அத்தை என்னைப் பார்த்தார். நான் மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் கர்ப்பப்பையைப் பார்த்தேன். அதற்குள் ஒரு பொம்மைக் குழந்தை தலைகீழாக நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மாவுக்கு எங்கள் பக்கத்து ஆட்கள் புதிதில்லை போலிருக்கிறது. வீட்டில் பேசுங்கள், ஆனால் சீக்கிரம் பேசுங்கள் என்றார். நஞ்சுக்கொடி கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது, வயிறு வளர வளரப் பெரும்பாலும் மேலே ஏறிவிடும், ஏறாவிட்டால் ஆபரேஷன். நடுவில் ரத்தம் பட்டால் எதையும் யோசிக்காமல் கிளம்பி வந்துவிட வேண்டும். எங்கே இருக்கப் போகிறேன் என்பது அதனால்தான் முக்கியம் என்று பொறுமையாகச் சொன்னார். நாங்கள் மூன்று பேரும் ஒரே மாதிரி தலையாட்டினோம்.

எங்கள் கொங்குப் பக்கத்தில் வேண்டாம் என்ற சொல்லுக்கு அவ்வளவாகப் புழக்கமில்லை. வந்தவர் மனம் கோணக்கூடாது. பந்தியில் இலையை மூடிய பிறகும், இன்னும் ஒரு கரண்டி வைத்துக்கொள்ளுங்கள் என்றால் இலையைத் திறப்போம். நம் விருப்பத்தைக் கேட்டால், உங்கள் இஷ்டம் என்று பந்தைத் திருப்பிப் போடுவோம். எதிராளியும் நம் ஊர்க்காரராக இருந்துவிட்டால் பந்து அங்கேயும் இங்கேயும் போய்க்கொண்டே இருக்கும். எனக்குக் கொஞ்சம் முன்கோபம் உண்டு. ஆனால் இந்த விஷயத்தில் நானும் இந்த மண்ணில் விளைந்தவள்தான்.

முதல் பிரசவம் தாய் வீட்டில் என்பது முறை. ஒன்பதாம் மாதம் பெண் வீட்டார் வகை வகையாகச் சோறு கிளறிக் கட்டி எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்கு வருவார்கள். கட்டுச்சோத்து விருந்து என்று பெயர். உறவெல்லாம் உட்கார்ந்து சாப்பிட்டதும் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போவார்கள். சோறு சாப்பிட்ட பிறகு அன்றைக்கு அவள் புகுந்த வீட்டில் தங்கக் கூடாது. யார் போட்ட சட்டம் என்று தெரியாது. மீறியவர்களையும் நான் பார்த்ததில்லை.

என் தாய் வீடு வெள்ளகோவிலில் இருக்கிறது. அங்கே தாய் இல்லை. என் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் அம்மா இறந்துபோனார். அப்பா மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். சுற்று வட்டாரத்தில் எந்தக் கிணற்று மோட்டார் புகைந்தாலும் அவரிடம்தான் வரும். நான் ஒரே பெண். என்னைக் கோயமுத்தூருக்குப் பக்கத்துக் கருமத்தம்பட்டியில், விசைத்தறி வைத்திருக்கும் குடும்பத்தில், தனியாளாக நின்று கட்டிக்கொடுத்தார். கல்யாணத்தில் அம்மா செய்ய வேண்டிய சடங்கு வந்தபோதெல்லாம் யாரோ ஒரு உறவுக்காரப் பெண்ணை முன்னால் விட்டுவிட்டு அவர் தூண் ஓரமாக ஒதுங்கி நின்றது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது.

எனக்கு என்ன வேண்டும் என்பது டாக்டரம்மா கேட்ட அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். அந்த டாக்டரம்மாவுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வெள்ளகோவில் வீட்டில், அம்மா இல்லாத சமையலறையைப் பார்த்துக்கொண்டு, வலிக்குக் காத்திருக்க என்னால் ஆகாது. கல்யாணத்துக்குப் பிறகு அங்கே போனபோதெல்லாம் பகலில் போய்ப் பொழுதுசாயத் திரும்பி வந்ததற்கும் அதுதான் காரணம். அத்துடன் ரத்தம் பட்டால் காங்கேயம், பல்லடம் என்று ஒவ்வொரு ஊராகத் தாண்டி வர வேண்டும். பயந்தேன். நன்றாகவே பயந்தேன். ஆனால் வரமாட்டேன் என்று சொன்னால், அம்மா இல்லாத வீடு எனக்கு வீடே இல்லை என்று அப்பா முகத்துக்கு நேராகச் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

அந்த வாரமே இரண்டு வீட்டாரும் போனில் பேசினார்கள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லாவற்றையும் கேட்டேன். பொண்ணை எப்போது அழைக்க வரட்டும் என்று அப்பா கேட்டார். உங்களுக்கு எப்போது சௌகரியமோ அப்போது என்றார் அத்தை. இல்லை, நீங்கள் பார்த்துச் சொன்னால் சரி என்றார் அப்பா. ஐயோ, பெண்ணைப் பெற்றவர் நீங்கள், நாங்கள் என்ன சொல்வது என்றார் அத்தை. இப்படியே அரை மணி நேரம் போயிற்று. முடிவில் தேதி மட்டும் குறிக்கப்பட்டது. யாருக்கு இதில் இஷ்டம் என்பது தெரியாமலே போன் வைக்கப்பட்டது. கணவரிடம் கேட்டேன். நீ எப்படிச் சொன்னாலும் எனக்குச் சரி என்றார். கையில் இருந்த டம்ளரை எறியலாமா என்று யோசித்துவிட்டுக் கழுவி வைத்தேன்.

அதன் பிறகு தினமும் கடை சாத்தியதும் அப்பா கூப்பிட்டுச் சொல்வார். அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. குனிய வேண்டாம் என்று வெஸ்டர்ன் டாய்லெட் வைத்தாயிற்று. ஊரில் ஒரு நர்சிங்ஹோமில் பேசி வைத்தாயிற்று. ஒவ்வொன்றுக்கும் நான் சரிங்கப்பா, சரிங்கப்பா என்றேன். எட்டாம் மாத ஸ்கேனிலும் நஞ்சுக்கொடி முழுதாக ஏறவில்லை. அதையும் அப்பாவிடம் சொன்னேன். அவர் புது மெத்தை எந்தப் பக்கம் தலை வைத்துப் போடலாம் என்று கேட்டார்.

அத்தையும் தூங்கின மாதிரி இல்லை. என் ஸ்கேன் ஃபைலை பையில் வைப்பார், வெளியே எடுப்பார், மறுபடி வைப்பார். நான் போவதில் உங்களுக்குச் சம்மதமா இல்லையா என்று ஒருநாள் வாய்விட்டே கேட்டேன். "உங்கப்பாவுக்கு நீ ஒரே பொண்ணு கண்ணு. அவரு ஆசையா இருக்கறப்போ நாம எப்படிச் சொல்றது?" என்றார். அது சம்மதமும் இல்லை, சம்மதம் இல்லாததும் இல்லை. எங்கள் ஊர்ப் பதில்.

விருந்தன்று காலையிலேயே தறியை நிறுத்திவிட்டார்கள். விசைத்தறி வீட்டில் வாழ்ந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். எங்கள் வாசலுக்கு எதிரில், ஒரே காம்பவுண்டுக்குள், தறிகள் ஓடும் குடோன், அதை ஒட்டித் தறி ஓட்டுகிறவர்கள் குடியிருக்கும் லைன் வீடுகள். பகல் முழுக்கச் சடசடவென்று ஓடிக்கொண்டிருக்கும். வாசலில் நின்று பேசுவதென்றால் கத்தித்தான் பேச வேண்டும். அன்றைக்குக் காக்கை கரைவதுகூடக் கேட்டது.

அப்பா வாடகைக் காரில் உறவுக்காரப் பெண்களோடு வந்து இறங்கினார். தக்காளிச் சோறு, எலுமிச்சைச் சோறு, புளிச்சோறெல்லாம் சமையற்காரரிடம் சொல்லிச் செய்தது. தயிர்சோறு மட்டும் அவரே கிளறியதாம். வழியில் புளித்துப்போகாமல் இருக்கப் பாலை ஊற்றிக் கொஞ்சமாகத் தயிர் விட வேண்டும் என்று அம்மா செய்ததைப் பார்த்திருக்கிறார். பாலை ஊற்றினார். தயிரை மறந்துவிட்டார். மாதுளை முத்துப் போட்ட பால்சோற்றை வந்திருந்த அத்தனை பேரும் சாப்பிட்டார்கள். தயிர்சோறு அருமைங்க என்று ஒவ்வொருவரும் அப்பாவிடம் போய்ச் சொன்னார்கள். ஒருத்தர் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார். அப்பா கடைசியாக உட்கார்ந்து ஒரு வாய் வைத்தபோதுதான் அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். அவரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு முடித்தார்.

எனக்கு அந்த இடத்தில்தான் கோபம் வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு கூட்டமே உட்கார்ந்து பால்சோற்றைத் தயிர்சோறு என்று சொல்லிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. இந்த லட்சணத்தில்தான் என் பிரசவமும் நடக்கப்போகிறது என்று தோன்றியது. ராகுகாலத்துக்கு முன் கிளம்ப வேண்டும் என்று யாரோ அவசரப்படுத்தினார்கள். என் பை காருக்குப் போயிற்று. ஃபைலை எடுத்தாயிற்றா என்று அத்தை இரண்டு முறை கேட்டார். அப்பா என் மருந்துக் கூடையைக் கையில் வைத்துக்கொண்டு கார்க் கதவைத் திறந்து பிடித்தார். நான் கார் வரைக்கும் நடந்தேன். ஏறவில்லை.

"அப்பா, எனக்கு அங்க வரப் பயமா இருக்குதுங்க."

மெதுவாகத்தான் சொன்னேன். தறி ஓடியிருந்தால் அப்பாவுக்கேகூடக் கேட்டிருக்காது. அன்றைக்கு வாசலில் இருந்த எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

அப்பா கூடையைக் கீழே வைத்தார். தலையைக் குனிந்துகொண்டே பேசினார். "எனக்குந்தான் கண்ணு. உன்னையக் கூட்டிட்டுப் போயி, ஏதாச்சும் ஒண்ணுன்னா நான் ஒண்டியா என்ன பண்ணுவேன்னு நெனச்சு நெனச்சுத் தூக்கமே வாரதில்லை."

அத்தை எங்கள் பக்கம் வந்தார். பிறகு கேட்டார். "ஏனுங்க அண்ணா, இத்தனை நாளா எதுக்குங்க சொல்லாம இருந்தீங்க?"

"நீங்க முறை பாப்பீங்கன்னு நெனச்சனுங்க."

"நாங்க உங்க மனசு நோகுமேன்னு பேசாம இருந்தமுங்க."

ஒரே எண்ணம் மூன்று பேர் மனதிலும் இரண்டு மாதமாகக் கிடந்திருக்கிறது. வெள்ளையடித்த அறையும் புது மெத்தையும் யாருக்கும் வேண்டாம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நான் பயந்ததற்கே அப்பாவும் பயந்திருக்கிறார் என்று தெரிந்ததும் நெஞ்சில் இருந்த கல் இறங்கினது போல இருந்தது. கார் கதவு திறந்தபடியே இருந்தது. டிரைவர் இறங்கி டீ குடிக்கப் போய்விட்டார்.

ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே. சோறு தின்றாயிற்று, பொண்ணு இனி இந்த வீட்டில் தங்கக் கூடாது என்று உறவில் மூத்த ஒரு பெரியம்மா நினைவுபடுத்தினார். அதை மீற அப்பாவுக்கும் துணிவில்லை, அத்தைக்கும் துணிவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் இல்லை. வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு எதற்கு வம்பு என்ற புத்திதான். எல்லோரும் வாசலிலேயே நின்றோம். அப்போது அத்தை குடோன் பக்கம் பார்த்தார். லைன் வீடுகளில் கடைசி வீடு காலியாக இருந்தது. குடியிருந்தவர்கள் பவானிப் பக்கம் போய்விட்டார்கள்.

"அந்தக் கடைசி ஊடு சும்மாத்தான் கெடக்குதுங்க. நீங்க வந்து இருந்துக்குங்க அண்ணா. அதுவே அவளுக்குத் தாய் ஊடா இருந்துட்டுப் போகட்டும்," என்றார்.

அப்பாவின் முகம் சுருங்கிப்போனது. பெண் கொடுத்த வீட்டில் ஒரு வேளைக்கு மேல் கை நனைக்கவே யோசிக்கிறவர். அவர்களுடைய வீட்டு வளவுக்குள்ளேயே போய்க் குடியிருந்தால் ஊர் என்ன சொல்லும். நன்றாக இருக்குமா என்று இழுத்தார். அத்தை விடவில்லை. "எனக்கு ரெண்டும் பசங்க. பொண்ணைப் பிரசவத்துக்கு வெச்சுப் பாத்துப் பழக்கமே இல்லீங்க. நீங்க பக்கத்துல இருந்தா எனக்குந்தான் தைரியம்," என்றார். அத்தை தனக்குப் பயம் என்று சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை. அப்பா யோசித்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். சமையல் அவர்தான் செய்வார். எதிர் வீட்டிலிருந்து குழம்புச் சட்டி வரக் கூடாது.

புது மெத்தை வரும்வரை ஒரு ஜமக்காளமும் தலையணையும் அத்தை கொடுத்தார். பிறகு நான் கார் ஏறினேன். கார் முன்வாசல் வழியாக வெளியே போய், பிள்ளையார் கோயில் முன்னால் நின்று, திரும்பி, குடோன் பக்கத்து வாசல் வழியாக உள்ளே வந்தது. உறவெல்லாம் எங்களை வழியனுப்பிவிட்டு இந்தப் பக்கம் நடந்து வந்து வரவேற்றார்கள். பெரியம்மாவுக்குப் பூரணத் திருப்தி. நான் தாய் வீடு போய்ச் சேர்ந்தேன்.

அந்த ஒற்றை அறையும் சமையல் கட்டும்தான் என் தாய் வீடு. தறிச் சத்தத்தில் பாத்திரமெல்லாம் மெல்ல அதிர்ந்துகொண்டிருக்கும். அப்பா கடையை ஆளிடம் விட்டுவிட்டு வந்து, மிக்ஸியை முதல் நாளே பிரித்துச் சுத்தம் செய்துவிட்டு, பிறகுதான் சட்னி அரைத்தார். பச்சைப்பயிறு கடைந்தார். சோறு குழைந்தால் கஞ்சி என்றார், வேகாவிட்டால் உடம்புக்கு நல்லது என்றார். ஒருநாள் கொள்ளு ரசம் வைத்திருந்தார். கொள்ளு சூடு, பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வாசனை பிடித்துக்கொண்டு அத்தை வந்துவிட்டார். கதவைப் பிடித்துக்கொண்டு மழை, தறிக்கு வரும் பாவு நூல் விலை, பக்கத்து வீட்டு நாய் என்று என்னென்னவோ பேசினார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, கொள்ளு வேண்டாமுங்க," என்றார் கடைசியில்.

"அப்படீங்களா," என்று அப்பா சட்டியை இறக்கி வைத்தார். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் சொல்லப்பட்ட முதல் வேண்டாம் அது. எனக்கு அன்றைக்கெல்லாம் சந்தோஷமாக இருந்தது. ரசத்தை அவர்கள் இருவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

அடுத்த ஸ்கேனில் நஞ்சுக்கொடி மேலே ஏறியிருந்தது. டாக்டரம்மா படத்தைத் திருப்பிக் காட்டினார். இனி சுகப்பிரசவத்துக்குக் காத்திருக்கலாம் என்றார். நல்ல நட்சத்திரம் பார்த்துத் தேதி குறித்து ஆபரேஷன் செய்துவிட்டால் பிள்ளைக்கு ஜாதகம் அமோகமாக இருக்கும் என்று போனில் யோசனை சொன்ன உறவுகளுக்குப் பஞ்சமில்லை. அத்தை போனை என்னிடம் நீட்டினார். "அவளையே கேட்டுக்குங்க," என்றார். வலி வரட்டும், அது வருகிற நேரமே நல்ல நேரம் என்றேன். அந்தப் பக்கத்திலிருந்து, உங்க இஷ்டமுங்க என்று பதில் வந்தது. அதை நான் சொல்லுக்குச் சொல் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

மருத்துவமனைக்குப் போகும்போதெல்லாம் அப்பாவும் கூட வருவார். நடைபாதை நாற்காலிகளில் பெண்களுக்கு நடுவே, மடியில் என் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிரசவ அறைக்குள் கூட இருக்க ஒரு பெண்ணைத்தான் விடுவார்களாம். அம்மா வந்திருக்கிறார்களா என்று சிஸ்டர் ஒவ்வொரு முறையும் கேட்பார். இல்லை என்று நான் சொல்லும்போது அப்பா பையின் ஜிப்பைத் திறந்து மூடுவார். ஒருநாள் நாங்கள் உட்கார்ந்திருந்தபோது கதவு திறந்து, வேறு யாருக்கோ பிறந்த குழந்தையோடு ஒரு சிஸ்டர் வந்தார். பொண்ணோட அம்மா யாரு என்று கூப்பிட்டார். எங்களுக்கு அடுத்த நாற்காலியில் இருந்த அம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து போய்க் கைகளை நீட்டினார். பிரசவித்தவளின் அம்மா கையில்தான் முதலில் கொடுப்பது வழக்கம் போலிருக்கிறது. அப்பா அந்தக் கதவு மூடிய பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். உங்கம்மா இருந்திருக்கோணும் கண்ணு என்று மட்டும் சொன்னார். எனக்கு அங்கேயே அழ வேண்டும் போலிருந்தது.

வலி ஒரு காலை நேரத்தில் வந்தது, அப்பா இட்லி ஊற்றிக்கொண்டிருந்தபோது. அடுப்பை அணைத்துவிட்டுத் தறிச் சத்தத்தையும் மீறி அவர் கத்திய கத்தலில் எதிர் வீடும் குடோனும் சேர்ந்து ஓடி வந்தன. நால்வரும் காரில் போனோம். கணவர் ஓட்டினார். அவருக்கு ஊசியைப் பார்த்தாலே மயக்கம் வரும், அதனால் ரோட்டை மட்டும் பார்க்கச் சொன்னேன்.

உள்ளே அத்தைதான் கூட இருந்தார். பொழுது போய்க்கொண்டே இருந்தது. முதுகைப் பிடித்துவிட்டார், தண்ணீர் கொடுத்தார், முருகா முருகா என்றார். மரியாதையெல்லாம் எப்போது என்னைவிட்டுப் போயிற்றென்று தெரியாது. கையை எடு, பேசாமல் இரு என்று அவரை அதட்டியிருக்கிறேன். சரி சாமி, சரி சாமி என்று கேட்டுக்கொண்டாராம். அம்மாவைக் கூப்பிட்டுத்தான் கத்தினேன். அம்மா வரவில்லை. என் பிடியில் சிவந்துபோன அத்தையின் கைதான் இருந்தது. அதை நான் விடவே இல்லை. பிற்பகலில் மகள் பிறந்தாள்.

சுத்தம் செய்து துணியில் சுற்றிக் குழந்தையை என்னிடம் காட்டிவிட்டுச் சிஸ்டர் கதவுப் பக்கம் போனார். கதவு பாதி திறந்தே இருந்தது. நடைபாதையில் அன்றைக்கும் கூட்டம். அவர் கூப்பிட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"பொண்ணோட அம்மா யாருங்க? முன்னால வாங்க."

என் பக்கத்தில் நின்ற அத்தை சட்டென்று ஓர் அடி எடுத்து வைத்தார். பிறகு அந்தக் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார். கல்யாண மண்டபத்துத் தூண் எனக்கு ஞாபகம் வந்தது. அப்பா யாரையாவது முன்னால் விடுவார், யார் போகட்டும் என்று கேட்பார், உங்கள் இஷ்டம் என்பார் என்று காத்திருந்தேன்.

"நானுங்க," என்றது அப்பாவின் குரல்.

சிஸ்டர் அவரை ஒரு கணம் பார்த்திருக்க வேண்டும். பிறகு சொன்னார்.

"கையை நீட்டுங்க."